மலிவு விலை பேட்டரி டிரில் வாங்கலாமா?

நம்ம பள்ளியில் நிறையப் பேர் வீட்டில் யாராவது தச்சு வேலையோ, ஒயரிங் வேலையோ பார்க்கிறார்கள். அதனால் இது உங்களுக்கும் பயன்படும். என் அப்பா தச்சர். நிலை, கதவு, ஜன்னல் செய்வார்.

ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் டிரில் மெஷின் இப்போது எங்கே பார்த்தாலும் தொங்குகிறது. தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு கடையில் அப்பா விலை கேட்டார். நானும் கூடப் போனேன். பெயர் தெரியாத மெஷின் 2,200 ரூபாய், இரண்டு பேட்டரியோடு. பெயர் பெற்ற கம்பெனி மெஷின் 5,800 ரூபாய். எதை வாங்கினாலும் அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத்தான் வாங்கணும். 3,600 ரூபாய் வித்தியாசம் எங்களுக்கு ரொம்பப் பெரிசு.

மலிவு மெஷினில் கொட்டை எழுத்தில் ‘48 வோல்ட்’ என்று போட்டிருந்தது. நம்பாதீங்க! உள்ளே இருப்பது லித்தியம் அயனி செல். ஒரு செல்லுக்கு சுமார் 3.6 வோல்ட்தான். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழுசா சார்ஜ் ஏறினால் செல்லுக்கு 4.2 வீதம் 21 வோல்ட். 48 வோல்ட் வேண்டுமானால் 13 செல் வேண்டும். அந்தக் குட்டிப் பெட்டிக்குள் அத்தனை எப்படி நுழையும்? சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் 21 வோல்ட் என்றுதான் இருந்தது.

வோல்ட்டை விட முக்கியம் ஆம்பியர் மணி. அதில் 1.5 என்று இருந்தது. 18 × 1.5 = 27 வாட் மணி. இது எவ்வளவு தெரியுமா? 5000 மில்லி ஆம்பியர் மணி உள்ள செல்போன் பேட்டரியிலேயே சுமார் 19 வாட் மணி இருக்கிறது! மெஷின் 300 வாட் இழுத்து ஓடினால் 27 வாட் மணி ஐந்து நிமிஷத்தில் காலி.

ஐந்து நிமிஷம்தானா என்று சிரிக்க வேண்டாம். ஸ்க்ரூ ஒன்றுக்கு மூன்று நொடி வைத்தாலும் நூறு ஸ்க்ரூ முடுக்கலாம். ஒரு கதவுக்கு மூன்று கீல், கீலுக்கு ஆறு ஸ்க்ரூ. ஆக ஐந்து கதவு மாட்டிவிடலாம். ஏணி மேல் நிற்கும்போது ஒயர் காலில் சிக்காது. ஆனால் தேக்கு நிலையில் பெரிய ஓட்டை போட, கான்கிரீட்டைத் துளைக்க இது ஆகாது. அதற்கு ஒயர் வைத்த மெஷின்தான்.

கடைக்காரர், “கரண்ட் இல்லாதப்போ உதவும் அண்ணே” என்றார். ஒரு நாள் உதவும், அப்புறம் சார்ஜ் எங்கே போடுவது? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. பெரியப்பா வீட்டுக் கதவை அப்பா திருப்புளியும் உளியும் வைத்துத்தான் சரி செய்தாராம். (1971ல் அப்பல்லோ 15ல் போனவர்கள் நிலாவின் மண்ணைத் துளைத்தது பேட்டரி டிரில்லால்தான். அங்கே பிளக் பாயின்ட் ஏது!)

பேட்டரி என்றைக்கும் உழைக்காது. சில நூறு தடவை சார்ஜ் போட்டால் தளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் இன்னும் சீக்கிரம். ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது. அதனால் தனிப் பேட்டரி கிடைக்குமா என்பதைத்தான் முதலில் கேட்கணும். பேட்டரி மேல் ஐ.எஸ். 16046 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்க. மலிவு மெஷினில் அந்த எண்ணே இல்லை.

வீட்டில் எப்போதாவது அலமாரி மாட்ட, கொடிக்கயிறு கொக்கி அடிக்க என்றால் ஒயர் வைத்த மெஷினை இரவல் வாங்கினாலே போதும் என்பது என் கருத்து. தினமும் வேலை செய்கிறவருக்கு மலிவு மெஷின் கட்டாது. பேட்டரி போனால் மெஷினே போனது மாதிரி.

அப்பா கடைசியாக, “பேட்டரி மட்டும் தனியா கிடைக்குமா?” என்று கேட்டார். “அது எதுக்கு அண்ணே, புதுசே வாங்கிக்கலாம்” என்றார் கடைக்காரர். நாங்கள் பஸ் ஏறிவிட்டோம். குழுக் கடன் தை மாசம் வரும். அதுவரைக்கும் அப்பாவுக்குத் திருப்புளிதான்.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி