நகல் சர்வர் பின்தங்குவதை அறிதல்

ஆசிரியர் ஒருவர் காலையில் பதிவு செய்த வருகை விவரம் மாலை அறிக்கையில் காணப்படுவதில்லை. பதிவு முதன்மைச் சர்வரைச் சேர்ந்திருக்கும். அறிக்கையோ, பணிச்சுமையைக் குறைக்கும் பொருட்டு, நகல் சர்வரினின்று எடுக்கப்பட்டிருக்கும். நகல் பின்தங்கியிருப்பதை அறியாதவர் அதே விவரத்தை மீண்டும் பதிவு செய்கிறார். குழப்பம் இரட்டிப்பாகிறது.

மைசீக்வெல் என்னும் தரவுத்தள முறையில், முதன்மைச் சர்வர் ஒவ்வொரு மாற்றத்தையும் 'பைனரி லாக்' என்னும் குறிப்பேட்டில் வரிசையாக எழுதுகிறது. நகல் சர்வர் செய்யும் பணி இருவகைப்படும்: அக்குறிப்புக்களைப் பெற்றுச் சேர்த்தல், சேர்த்தவற்றைத் தன் தரவுத்தளத்தில் நிறைவேற்றுதல். இரண்டும் நடைபெறுகின்றனவா என்பதையும், நகல் எத்தனை விநாடி பின்தங்கியுள்ளது என்பதையும் 'ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்' என்னும் கட்டளை காட்டும். பழைய பதிப்புக்களில் இது 'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்' எனப்படும்.

இவ்விநாடிக் கணக்கே பலரை ஏமாற்றுவது. வந்து சேர்ந்த குறிப்புக்களை நிறைவேற்றுவதில் உள்ள தாமதத்தையே அது கூறும். வழியில் தங்கியவற்றை அது அறியாது. தபால் பையே வந்து சேராத நாளில், பட்டுவாடா பாக்கி இல்லை என்று தபால்காரர் கூறுவதை இது ஒக்கும். இணைப்பு மந்தமாயிருக்கையில் தாமதம் சுழி என்றே காட்டப்படலாம்.

நம்பத்தக்க முறை மிக எளியது. முதன்மைச் சர்வரில் சிறு அட்டவணை ஒன்றை அமைத்து, விநாடிதோறும் அப்போதைய நேரத்தை அதில் எழுதச் செய்தல் வேண்டும். அந்நேரமும் பிற மாற்றங்களைப் போலவே நகலைச் சென்றடையும். நகலில் காணும் நேரத்திற்கும் உண்மை நேரத்திற்கும் உள்ள வேறுபாடே மெய்யான தாமதமாகும். இரு சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. வேறுபாடு குறித்த அளவை மீறினாலும், அளவே கிடைக்காது போனாலும் எச்சரிக்கை எழ வேண்டும். பின்னதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் நாள் நிகழ்ந்தது இங்கு அறியத்தக்கது. அங்கிருந்தது போஸ்ட்கிரஸ் என்னும் வேறொரு முறை. சுமை மிகுந்து நகல் பின்தங்கியது. அதற்கு இன்னும் அனுப்பப்படாத குறிப்புக்களை முதன்மைச் சர்வர் நீக்கிவிட்டமையால் நகலாக்கம் அறவே நின்றது. நகலைப் புதிதாக அமைக்க முயன்றபோது, தவறுதலாக முதன்மைச் சர்வரின் தரவே அழிக்கப்பட்டது. ஏறக்குறைய 300 ஜிகாபைட் தரவு மறைந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியே துணையாயிற்று. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புப் பிரதிகள் எடுக்கப்படவே இல்லை. அத்தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்கள் பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டு, எவர் பார்வைக்கும் வரவில்லை.