கத்தி யார் கையில்?

"ரோபோவா ஆபரேஷன் செய்யும், டாக்டர்? நீங்கள் செய்ய மாட்டீர்களா?" ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நோயாளியின் குடும்பத்தினர் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியே.

1985ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் மூஹே என்னும் அறுவை மருத்துவர், வயிற்றை அகலத் திறக்காமல் பித்தப்பையை அகற்றிக் காட்டினார். அதன்பின் பரவிய நுண்துளை அறுவை சிகிச்சையால் வலி குறைந்தது, தழும்பு சிறிதாயிற்று, நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினர். ஆயினும் நீண்ட, வளையாத கருவிகளைக் கொண்டு, திரையைப் பார்த்தவாறு உடலின் ஆழத்தில் தையலிடுவது எளிதன்று. அக்குறையைப் போக்கவே கணினி துணைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் 'டா வின்சி' என்னும் ரோபோ கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இம்முறையில் மருத்துவர் அதே அரங்கில் சற்றுத் தள்ளி அமர்ந்து, முப்பரிமாணக் காட்சியைக் கண்டவாறே இரு கைகளாலும் பிடிகளை இயக்குகிறார். கணினி அவ்வசைவுகளை நோயாளியின் உடலுக்குள் உள்ள நுண்கருவிகளுக்குக் கடத்துகிறது. கை மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் கருவி ஒரு சென்டிமீட்டர் மட்டுமே நகருமாறு அமைத்துக்கொள்ளலாம். கையின் இயல்பான நடுக்கமும் வடிகட்டப்படுகிறது. மருத்துவர் காட்சிப் பகுதியிலிருந்து முகத்தை விலக்கினால், கருவிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே, கத்தி மருத்துவர் கையில்தான் இருக்கிறது. உதவி மருத்துவரும் செவிலியரும் மயக்கவியல் நிபுணரும் நோயாளியின் அருகிலேயே இருப்பர்.

படிவத்தில் மற்றொரு வரியும் பலரைக் கலங்கச் செய்கிறது: தேவைப்பட்டால் திறந்த அறுவை சிகிச்சைக்கு மாற்றப்படும் என்பது. கட்டுக்கடங்காத இரத்தக்கசிவு, உறுப்புகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருத்தல் போன்ற நிலைகளில் அவ்வாறு மாற்ற நேரிடலாம். வெளியே மணிக்கணக்கில் காத்திருந்த உறவினர், அதைக் கேட்டதும் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதாக அஞ்சுவதைக் கண்டிருக்கிறேன். அது பெரும்பாலும் தோல்வியன்று. உயிரைக் காக்கத் தக்க தருணத்தில் எடுக்கப்படும் முடிவு.

எல்லா நோய்க்கும் ரோபோ வேண்டியதில்லை. பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலும் வழக்கமான நுண்துளை முறையே போதும். ஆதலால் கையெழுத்திடும் முன் தயங்காமல் கேளுங்கள்: எங்களுக்கு இம்முறை ஏன்? வேறு வழி உண்டா? கூடுதல் செலவு எவ்வளவு? இம்முறையில் உங்களுக்குப் பழக்கம் எவ்வளவு? விடை சொல்வது எங்கள் கடமை.