நொய்யலைத் துப்புரவு செய்யும் செலவு யாருடையது?

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, திருப்பூர் வழியே சென்று காவிரியில் கலக்கிறது. அதன் குறுக்கே பாசனத்திற்கென ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயப் பட்டறைகள், சலவைப் பட்டறைகள் ஆகியவற்றின் கழிவுநீரே.

துணியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை நீக்குமேயன்றி, கரைந்த உப்பை நீக்காது. ஆதலின், தெளிந்து காணப்படும் நீரும் நிலத்தை உவராக்கும், கிணறுகளையும் கெடுக்கும்.

ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் சிறிதும் ஆற்றில் விடலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. பட்டறை உரிமையாளர் சங்கம் அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. செலவு தாங்காது, தொழில் நலியும் என்னும் அவர்கள் அச்சம் முற்றும் பொய்யன்று. எனினும் அச்செலவு புதிதாகப் பிறந்ததன்று. அதுகாறும் அதனை உழவர் தம் விளைச்சலால் செலுத்தி வந்தனர். ஆற்றையும் அணையையும் துப்புரவு செய்யும் செலவு மாசு செய்தோருடையதே என்று உச்சநீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது.

ஆணை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளர் பெரிதும் துன்புற்றனர். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை பரவிற்று, தொழிலும் நிலைத்தது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நீரின் நிறத்தைக் கண்டு அமைதியுறலாகாது. ஆண்டுதோறும் கிணற்று நீரின் உப்பளவைச் சோதித்துப் பதிவு செய்து வைத்தல் வேண்டும். வழக்கு நேரிடின், அப்பதிவே ஊருக்குத் துணையாகும்.