சவுரி முதல் லேஸ் வரை: பொய்முடிக்குச் சாயம் ஏற்றும் வீட்டுமுறை

கூந்தலுக்குத் தமிழில் எத்தனை பெயர்! குழல், ஓதி, கதுப்பு, அளகம் என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். ஐம்பால் என்ற சொல்லுக்கு முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள் என ஐந்து வகையாக முடிப்பது என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். ஆனால் நம் பாட்டிமார் நாள்தோறும் புழங்கிய ஒரு சொல்லை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதுதான் சவுரி. வடமொழியில் சமரி என்றால் இமயமலைப் பக்கத்து யாக் எருமை, நம் கவரி. சமரி சவரியாகி, சவரி பேச்சில் சவுரியாயிற்று. திருக்குறளில் மானத்துக்கு உவமையாக வரும் கவரிமா இதுதான் என்று கருதுவோர் பலர். வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கும் நரைத்த தலைக்கு விக் கட்டுகிறவர்கள் வெள்ளை முடிக்காக யாக் மயிரைக் கலப்பதுண்டு. நல்ல வெள்ளை மனித முடி அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. பழைய பெயர் முழுப் பொய்யாகிவிடவில்லை.

சங்க மலருக்கு இந்த வருஷமும் சமணப் பள்ளி, கல்வெட்டு என்று ஏதாவது எழுதுவேன் என்று ஆசிரியர் குழு எதிர்பார்த்திருக்கலாம். நான் மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் நாற்பது வருஷம் சாயச் சரக்கு விற்றவன். படித்தது பள்ளியோடு சரி. மற்றதெல்லாம் கடைத் திண்ணையில் கற்றது. அந்தக் கைத்தொழில் அறிவு வீட்டுக்குள் ஒரு நாள் உபயோகப்பட்டது. அதை நம் குடும்பங்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றியது. புற்றுநோய் சிகிச்சைக்காக ஊரிலிருந்து மும்பைக்கு உறவுக்காரர் வந்து தங்காத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. மருந்து ஏற்றினால் பலருக்கும் முதல் தவணை முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். நோயைத் தாங்கிக்கொள்ளும் பெண்கள்கூட அந்த நாளில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

என் மனைவியின் தங்கை வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். ஒரு கடையில் 'அசல் மனித முடி' என்று சொல்லி ஒரு லேஸ் விக்கைக் கொடுத்தார்கள். கண்ணாடி முன் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, "மாமா, இதப் போட்டுகினு வெளிய போனா கூத்துக்கட்ட வந்தவன்னு நெனச்சிப்பாங்க" என்றாள். அவள் சொன்னது சரி. நிறம் மைக்கறுப்பு. நெற்றியோரம் கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. வகிட்டில் வெள்ளை வலை தெரிந்தது. அந்த வலை நிறைய கறுப்புப் புள்ளி. மூன்று குறை, மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

முதலில் அது முடிதானா என்று பார்க்க வேண்டும். பட்டுப் புடவைக்குச் செய்கிற அதே சோதனைதான். உள்பக்கத்திலிருந்து நாலு இழையை வெட்டி இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். மனித முடி பொசுங்கும், முடி கருகும் வாசனை வரும், விரலால் நசுக்கினால் சாம்பலாய் உதிரும். செயற்கை இழை உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். இரண்டு மூன்று இடத்தில் எடுத்துப் பாருங்கள், கலப்படம் சகஜம். அந்தக் கடை கொடுத்ததிலும் பின்பக்க வரிசைகளில் செயற்கை இழை இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினோம். செயற்கை இழை தலைச்சாயத்தை வாங்காது. அதில் மெனக்கெடுவது வீண்.

மனித முடியிலும் இரண்டு ஜாதி. திருமலை, பழநி போன்ற தலங்களில் காணிக்கையாக இறக்கும் முடி ஒரே கற்றையாக, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் என்று இருக்கும். இதை வியாபாரத்தில் ரெமி என்பார்கள். இன்னொன்று சீப்பில் உதிர்ந்த முடி. தெருவில் பாத்திரத்துக்கும் காசுக்கும் வாங்கிப் போகிறார்களே, அது. வங்காளத்தில் முர்ஷிதாபாத், மேதினிபூர் கிராமங்களில் அதைச் சிக்கெடுத்துப் பிரிப்பதே பெரிய குடிசைத் தொழில். முடியின் மேல் மீன் செதில்போல் அடுக்கு இருக்கிறது. வேரும் நுனியும் கலந்துவிட்டால் செதிலும் செதிலும் மாட்டிக்கொண்டு சிக்காகும். அதனால் தொழிற்சாலையில் அமிலத்தில் போட்டுச் செதிலையே கரைத்துவிட்டு, மினுமினுப்புக்கு சிலிகோன் பூசி விற்கிறார்கள். ஒரு இழையை எடுத்து நுனியிலிருந்து வேர் நோக்கி விரலை ஓட்டினால் சொரசொரப்பு தட்டுகிறதா? செதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வழவழவென்றால் அமிலம் பட்ட முடி. சாயம் போடுகிறவருக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். அமிலம் பட்ட முடி சாயத்தைச் சட்டென்று உறிஞ்சும். நினைத்ததைவிட ஒரு படி கறுத்துவிடும்.

(2004 மே மாதத்தில் திருமலை முடியால் செய்த விக் கூடாது என்று யூத மதகுரு ஒருவர் தீர்ப்புச் சொல்ல, புரூக்ளினிலும் ஜெருசலேமிலும் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். நாம் கோயிலில் விட்டுவந்த முடி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.)

இனி நிறம். ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம்: சாயத்தைச் சாயம் வெளுக்காது. கறுத்த முடிமேல் பழுப்புச் சாயம் ஏறாது. ஆகவே வாங்கும்போதே ஒரு படி வெளிர் நிறத்தில் வாங்கி வீட்டில் கறுப்பாக்குவதுதான் புத்தி. கடை எண்களில் 1 என்பது மைக்கறுப்பு, 1பி இயற்கைக் கறுப்பு, 2 கரும்பழுப்பு. ஐம்பது வயது அம்மாவுக்கு 1 வைத்தால் பொய் என்று பத்தடி தூரத்திலேயே தெரியும். முடி கொட்டுவதற்கு முன்பே ஒரு சிறு கற்றையை வெட்டி நூல் கட்டி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்பாகச் சாயம் கலக்கலாம். ஒப்புப் பார்ப்பது பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு கறுப்பு வெயிலில் ஒன்று சிவப்படிக்கும், ஒன்று நீலமடிக்கும். நாங்கள் இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடிக்கிறவர்கள். சாய வேலைக்கும் அதே நேரம்தான்.

பட்டு, கம்பளி, நைலான், முடி நான்கும் சாயக்காரனுக்கு ஒரே குடும்பம். ஒன்று வாங்குகிற சாயத்தை மற்றதும் பெரும்பாலும் வாங்கும். இதில்தான் ஆபத்து. விக்கின் வலை நைலானாக இருந்தால் முடிக்குப் போடுகிற சாயம் வலையிலும் ஒட்டி, நெற்றியில் கறுப்புத் தழும்பாக நிற்கும். அதனால் தூரிகையால் வேர்வரை பூச வேண்டாம். முதலில் ஷாம்பூ போட்டு சிலிகோனைக் கழுவி எடுங்கள். வலையின் இருபக்கமும் வாஸ்லின் தடவுங்கள். அம்மோனியா இல்லாத, பெராக்சைடு கலக்காத நேர்ச்சாயத்தை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சூடான தண்ணீரில் கரைத்து, வலையை மேலே பிடித்துக்கொண்டு முடியை மட்டும் நுனியிலிருந்து மெல்ல இறக்குங்கள். நாலு இழையில் முதலில் சோதித்து, காய்ந்த பிறகு நிறம் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே கறுப்புதான். தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். தலையில் போடுகிற சாயத்துக்கு இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: நோயாளியின் தோலில் எதுவும் படாது. கடைச் சாயம் பலவற்றில் உள்ள பிபிடி என்ற பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். சாயம் போடுகிறவர் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

அடுத்தது வலையின் நிறம். டீத்தூள்! கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறியபின் வலையை ஐந்து நிமிஷம் ஊறவிட்டுப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் ஐந்து நிமிஷம். விளம்பரத்தில் வரும் வெள்ளைத் தோலுக்கு வெறும் டீ போதும். நம் தோலுக்குக் காபி டிகாஷன் கொஞ்சம் சேர்த்தால்தான் ஒட்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தோடு ஒப்பிட வேண்டாம், நெற்றியோடு ஒப்பிடுங்கள். நைலான் வலை என்றால் சாயம் ஏறிவிடும். ஏறவில்லை என்றால் அநேகமாக அது பாலியெஸ்டர். அதற்குச் சாயம் ஏற்ற நூற்று முப்பது டிகிரிச் சூடும் அழுத்தமும் வேண்டும், வீட்டில் நடக்காது. உள்பக்கம் தோல் நிறப் பவுடரைத் தட்டி விடுங்கள், போதும்.

கறுப்புப் புள்ளிகள் என்பவை முடிச்சுகள். ஒவ்வொரு இழையையும் கொக்கி ஊசியால் வலையில் தனித்தனியாக முடிந்திருக்கிறார்கள். ஒரு விக்குக்கு நாள் கணக்கில் வேலை. அந்த முடிச்சை வெளுக்கத் தலைமுடி வெளுக்கும் தூளும் ஆறு சதவீத பெராக்சைடும் வேண்டும். வீட்டுச் சாக்கடைக்குப் போடுகிற ப்ளீச்சிங் பவுடர் அல்ல! அந்தக் குளோரின் முடியையே தின்றுவிடும். கெட்டித் தயிர் பதத்தில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலந்து, விக்கை உள்புறம் வெளியாகத் திருப்பி, வலையின்மேல் அழுத்தாமல் வைக்க வேண்டும். அழுத்தினால் மறுபக்கம் ஊடுருவி வேரையே வெளுத்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கொரு முறை பார்த்து, காப்பிப்பொடி நிறம் வந்ததும் அலசிவிடுங்கள். மஞ்சளாகும்வரை காத்திருப்பது நம் தோலுக்குத் தேவையில்லை. முடிச்சு பலவீனப்பட்டு முடி உதிரும். வெளுக்கும் வேலையை முதலில், சாயத்தையும் டீயையும் பிறகு என்ற வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் போட்டதெல்லாம் போய்விடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், நோயாளி அந்த அறையில் இருக்க வேண்டாம்.

நெற்றியோரக் கோட்டை உடைப்பதுதான் பொறுமையான வேலை. இடுக்கியால் ஒவ்வொரு இழையாக, இங்கே ஒன்று அங்கே இரண்டு என்று பிடுங்க வேண்டும். எங்கள் முனிவர்கள் கேசலோசம் செய்யும்போது தம் தலைமுடியைக் கையாலேயே பிடுங்குவார்கள், ஆசை அற்றவர்கள். நான் ஆசைப்பட்டவளின் பொருட்டு வலையில் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை அங்குல அகலத்துக்கு மேல் போகாதீர்கள். வகிட்டுப் பக்கம் இரண்டு மூன்று வரிசையில் இழை எடுத்தால் தோல் தெரிவதுபோல் இருக்கும்.

வகிடு என்றதும் குங்குமம். வலையில் குங்குமம் பட்டால் கறை போகாது. வகிட்டுக்கு வைக்க ஆசைப்பட்டால் நெற்றி மேல்விளிம்பில், தோலில் வைக்கச் சொல்லுங்கள். பூச்சரத்தை வலையில் குத்தாமல் பின்பக்கத்துத் தையல் பட்டையில் செருகலாம். தேங்காயெண்ணெய் கூடாது, முடிச்சு நழுவும். புண்பட்ட தலைக்குப் பசையும் வேண்டாம். பிடரிப் பக்கம் எலாஸ்டிக் நாடா தைத்து, உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் நிற்கும். முடி போனபிறகு தலைச் சுற்றளவு குறையும் என்பதால் நாடாவை அப்போது அளந்து தையுங்கள்.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலோருக்கு முடி திரும்ப வளரும், சிலருக்குச் சுருட்டையாகக்கூட. என் கொழுந்தியாளுக்கும் வளர்ந்தது, முன்னைவிட நரையோடு. அவள் விக் இப்போது வேறொரு அம்மாவிடம் இருக்கிறது. அந்த அம்மா மாநிறத்துக்கும் ஒரு படி மேல். ஷாம்பூவில் ஊறவைத்து அலசியதில் பழைய டிகாஷன் பாதி இறங்கியது. மீதிக்கு வெறும் டீயே சரியாக வந்தது.