ரீமேப் செய்த காரில் மிச்சம் என்ன?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும்போது ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை வரும். 1998-இல் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பிய ஹூண்டாய் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும் அதே ஊரில்தான். 1990 முதல் அங்கே போட்டிகள் நடக்கின்றன. தொழிற்சாலையில், யார் எப்படி ஓட்டினாலும் பல ஆண்டு தாங்க வேண்டும் என்று கார் செய்கிறார்கள். பந்தயத் தடத்திலோ, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கினால் போதும் என்று எஞ்சினைப் பிழிகிறார்கள்.

இந்த இரண்டு கணக்கும் ஒரே வண்டிக்குள் மோதிக்கொண்ட கார்கள் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு நிறைய வருகின்றன. ஐ20 என் லைன், டர்போ வெர்னா, 2022-இல் இந்தியாவில் நிறுத்தப்பட்ட போலோவின் ஜிடி வகைகள் எனப் பட்டியல் நீளும். முதல் சொந்தக்காரர் ரீமேப் செய்திருப்பார், சைலன்சரை மாற்றியிருப்பார், ஸ்பிரிங்கைக் குட்டையாக்கியிருப்பார். விற்கும்போது அவர் பெருமையாகச் சொல்வது கூடிய குதிரைத்திறனை. வாங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு.

எந்த கார் கம்பெனியும் எஞ்சினை அதன் எல்லைவரை ஓடவிட்டு விற்பதில்லை. மட்டமான பெட்ரோல், கத்திரி வெயில், ஆயில் மாற்ற மறக்கும் சொந்தக்காரர் என எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாங்குதிறனை ஒதுக்கி வைக்கிறது. ரீமேப் என்பது அந்த ஒதுக்கீட்டிலிருந்து எடுத்துச் செலவு செய்வது. எஞ்சினை ஆளும் கணினியான இசியுவில் இருக்கும் அட்டவணைகளைத் திருத்தி, டர்போ கூடுதல் அழுத்தத்தில் காற்றைத் தள்ளவும், அதற்கேற்ப அதிகப் பெட்ரோல் பீய்ச்சவும், பொறியைச் சற்று முன்கூட்டியே விடவும் சொல்கிறார்கள். ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல் பிக்கப் கூடிவிடுகிறது. உண்மையில் அற்புதமான வேலைதான். ஆனால் அந்தக் கூடுதல் சக்தியுடன் கூடுதல் வெப்பமும் சேர்ந்தே வருகிறது.

மே மாத மதியம், வெளிக்காற்று 40 டிகிரி செல்சியஸ். அதை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், வெளியே வரும் காற்று 135 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர் இருக்கிறது. ஆனால் அது குளிர்வதற்குக் காற்று ஓட்டம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் லாரிகளுக்கு நடுவே நகராமல் நின்றால் அதுவே சூடேறிக் கிடக்கும். நெரிசல் விலகி ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது சூடான காற்று சிலிண்டருக்குள் போகிறது. பொறி கிளப்பிய தீச்சுவாலை மூலை வரை போய்ச் சேருமுன், அங்கே மிஞ்சியிருக்கும் கலவை தானே பற்றி வெடிக்கிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். எஞ்சினில் உள்ள நாக் சென்சார் அதைக் கேட்டு, பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பாற்றும். நல்ல ட்யூனர் அந்தப் பாதுகாப்பை அப்படியே விட்டுவைப்பார். மலிவுக்குச் செய்கிறவர் அதன் உணர்திறனைக் குறைத்துவிடலாம். பிறகு பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய விளிம்பு ஒருநாள் உடையும்.

பெட்ரோலையும் மறக்கக் கூடாது. 95 அல்லது 100 ஆக்டேனை நம்பி எழுதிய மேப் உள்ள வண்டியில் சாதா பெட்ரோல் ஊற்றினால் நாக்கிங் சீக்கிரம் வரும். இந்தியன் ஆயில் 2020 இறுதியில் அறிமுகம் செய்த 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 எல்லா பங்க்கிலும் கிடைப்பதில்லை. போதாததற்கு எத்தனால் கலப்பு 20 சதவீதமாகிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு, கலப்பில்லாத பெட்ரோலைவிட எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாக எரிபொருள் பீய்ச்ச வேண்டும். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது நல்ல செய்தி. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய மேப் இந்தக் கலவையை எதிர்பார்த்து எழுதப்பட்டதல்ல. மேப் எந்த ஆண்டு, எந்த எரிபொருளுக்கு எழுதப்பட்டது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.

எஞ்சின் தாங்கினாலும் கியர்பாக்ஸ் தாங்க வேண்டுமே. போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் 1.2 லிட்டர் எஞ்சின் கம்பெனிக் கணக்கில் தருவது 175 நியூட்டன் மீட்டர் டார்க். அதோடு வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் எல்லை 250. ரீமேப் செய்தபின் டார்க் அந்த எல்லையை நெருங்குவது சகஜம். இந்த கியர்பாக்ஸில் இருப்பது ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். சூட்டை அள்ளிச் செல்ல அதில் திரவம் இல்லை. முகூர்த்த நாளில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், புடவை எடுக்க வந்த வேன்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போவதுதான் அதற்கு மிகக் கடினமான சோதனை. டெஸ்ட் டிரைவை பைபாஸில் மட்டும் முடித்துவிடாதீர்கள். ஊருக்குள் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து பாருங்கள். உதறல் இருந்தால் அங்கேதான் தெரியும்.

பிரேக்கைப் பற்றி விற்பவர் பேசுவதே இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் ஆற்றலைவிட 120-இல் இரண்டேகால் மடங்கு ஆற்றல் இருக்கிறது. அது முழுவதும் டிஸ்க்கில் வெப்பமாக இறங்க வேண்டும். எஞ்சினுக்கு லட்சம் செலவழித்து, பிரேக் பேடைக்கூட மாற்றாத வண்டியை நான் வாங்கமாட்டேன். குட்டை ஸ்பிரிங் போட்டு ஒரிஜினல் ஷாக் அப்சார்பரையே விட்டிருந்தாலும் அப்படித்தான். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அது முட்டுரப்பர் வரை இறங்கி அடிவாங்கும். டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் சரியில்லை. டயர் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணையும் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

காஞ்சிபுரத்தில் விலை உயர்ந்த பட்டு வாங்குகிறவர் ஜரிகையின் மினுமினுப்பை நம்பாமல் எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்து வெள்ளி எவ்வளவு என்று கேட்கலாம். காருக்கு அந்தக் கருவி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட். சாதாரண ஸ்கேனரே பல கதைகளைச் சொல்லிவிடும். பழுதுக் குறியீடு ஒன்றுமே இல்லை என்றால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். ரெடினஸ் மானிட்டர்கள் எனப்படும் சுயசோதனைகள் முடிவடையாமல் நின்றால், வண்டியைக் காட்டுவதற்குச் சற்று முன் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மானிட்டர் மட்டும் காணாமல் போயிருந்தால், கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு மென்பொருளில் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகம் விலை உயர்ந்தது; நச்சுப் புகையைக் குறைப்பதும் அதுதான். எரிபொருள் அளவில் இசியு தானே செய்துகொள்ளும் நீண்டகாலத் திருத்தம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது மேப் சரியில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் பானெட் சூடாக இருக்கும். மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர் எஞ்சினைக் கிளப்பியதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் குறைவது டர்போவுக்கும் ஆபத்து: அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சக்கணக்கான முறை சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான்.

சட்டம் இதில் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பொறுப்பு, மாற்றம் செய்தபோது சொந்தக்காரராக இருந்தவருடையது. நிறம் மாறியிருந்தால் ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். விபத்து நடந்தபின், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாத ரீமேப் இழப்பீட்டுக்கே உலை வைக்கக்கூடும்.

இவ்வளவையும் பார்த்தபின் பிடித்திருந்தால் வாங்கலாம். கணக்கோடு, பில்லோடு, பிரேக்கும் கிளட்ச்சும் சேர்த்து முறையாகச் செய்த வண்டிகள் உண்டு. அவற்றைச் செய்தவர்கள் எங்களூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்தில் கற்றுக்கொண்டவர்களாகவும் இருக்கலாம். விலை பேசும்போது ஒரிஜினல் பாகங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். சைலன்சர், ஸ்பிரிங், கன்வர்ட்டர், பழைய மேப்பின் நகல் என எது இல்லையோ அதன் கடை விலையையும் மாட்டும் கூலியையும் கழித்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆயில், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றி, ஒரிஜினல் மேப்பை ஏற்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் அப்படியே ஓட்டுங்கள்.