வாக்குறுதி இருக்கிறது, வேலை எங்கே? அரசைக் கேள்வி கேட்ட விவசாயி!

பருவம் தவறிய மழை, வறட்சி, வெள்ளம் என்று எது வந்தாலும் முதலில் அடிபடுவது விவசாயிதான். அதன் பிறகு அமைச்சர்கள் வருகிறார்கள், அதிகாரிகள் கணக்கெடுக்கிறார்கள், நிவாரணம் அறிவிக்கிறார்கள். 'காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வோம்' என்ற வாக்குறுதியும் மேடைக்கு மேடை ஒலிக்கிறது. அந்த வாக்குறுதியில் எவ்வளவு நிறைவேறியது என்று கணக்குக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

பாகிஸ்தானில் ஒருவர் கேட்டார். அவரும் விவசாயிதான்.

பழைய திட்டத்துக்காக ஒரு வழக்கு

தெற்குப் பஞ்சாபைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துக்காரர் அஸ்கர் லெகாரி. 2015-ம் ஆண்டு லாகூர் உயர் நீதிமன்றத்தில் அவர் ஒரு மனு தாக்கல் செய்தார். அதில் நஷ்டஈடு கேட்கவில்லை. புதிய சட்டமும் கேட்கவில்லை. 2012-ல் பாகிஸ்தான் அரசு தேசிய காலநிலை மாற்றக் கொள்கையை வெளியிட்டது. 2014 முதல் 2030 வரை என்னென்ன வேலைகளைச் செய்ய வேண்டும் என்று ஒரு செயல்திட்டத்தையும் தயாரித்தது. 'நீங்களே எழுதிய திட்டம்தான். ஆனால், வேலை நடக்கவில்லை. அதனால் தண்ணீரும் உணவும் விவசாயிகளின் வாழ்க்கையும் ஆபத்தில் இருக்கின்றன' என்பதுதான் மனுவின் சாரம்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி சையத் மன்சூர் அலி ஷா. அரசின் தாமதமும் மெத்தனமும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளைப் பாதிக்கின்றன என்று 2015 செப்டம்பர் 4-ம் தேதி நீதிமன்றம் சொன்னது. சம்பந்தப்பட்ட ஒவ்வொரு துறையும் இதற்கென ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும், அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் முடிக்கக்கூடிய வேலைகளைப் பட்டியல் போட்டுத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. பத்து நாள்கள் கழித்து, வேலைகளைக் கண்காணிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது.

2018-ல் வழக்கு முடிவுக்கு வந்தபோது, செயல்திட்டத்தில் முன்னுரிமை தரப்பட்ட வேலைகளில் சுமார் 66 சதவிகிதம் நிறைவேறியிருப்பதாக ஆணையம் அறிக்கை கொடுத்திருந்தது. அலமாரியில் கிடந்த ஒரு திட்டம் இந்த அளவுக்கு நகர்ந்ததற்கு மூன்று விஷயங்கள் காரணம். வேலைக்குத் தேதி குறித்தார்கள். பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்தார்கள். நடந்ததா என்று திரும்ப வந்து பார்த்தார்கள்.

ஒரு நாடு மட்டும் செய்தால் போதுமா?

அந்தத் தீர்ப்பால் வெள்ளத்தைத் தடுத்துவிட முடியவில்லை. 2022-ல் பாகிஸ்தானில் வந்த பெருவெள்ளத்தில் 1,700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 3.3 கோடி மக்கள் பாதிக்கப்பட்டார்கள். பயிர்களும் கால்நடைகளும் அடித்துச் செல்லப்பட்டன. உலகம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு.

அதனால்தான் தலைவர்களிடம் இரண்டு விதமான வாக்குறுதிகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. பாதிப்பைத் தாங்குவதற்கான ஏற்பாடு ஒன்று. பாதிப்புக்குக் காரணமான புகையைக் குறைப்பது இன்னொன்று. 2015-ல் ஏற்பட்ட பாரிஸ் ஒப்பந்தப்படி, ஒவ்வொரு நாடும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் இலக்கைச் சொல்ல வேண்டும். புதிய இலக்கு பழையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வது என்பதும் அதில் இருக்கிறது. ஆனால், தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், 2024-ம் ஆண்டின் சராசரி வெப்பம் சுமார் 1.55 டிகிரி கூடிவிட்டது என்கிறது உலக வானிலை அமைப்பு. ஓர் ஆண்டு தாண்டியதாலேயே ஒப்பந்தம் தோற்றுவிட்டது என்று பொருளில்லை. ஆனால், இனியும் தள்ளிப்போட நேரமில்லை.

நம் தலைவர்கள் சொன்னது என்ன?

2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. மின் உற்பத்தித் திறனில் பாதியை, 2030-க்குள் நிலக்கரி போன்ற எரிபொருள்கள் அல்லாத வழிகளுக்கு மாற்றுவோம் என்று 2022-ல் உறுதியளித்தது. இந்த இரண்டாவது இலக்கை 2025-லேயே, ஐந்து ஆண்டுகள் முன்னதாக எட்டிவிட்டது. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால், திறன் வேறு, உற்பத்தி வேறு. வீட்டுக்கும் பம்ப்செட்டுக்கும் வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஆக, 'நிலக்கரி எரிப்பதை எந்த ஆண்டிலிருந்து குறைக்கப் போகிறீர்கள்?' என்பதுதான் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ்நாடு அரசு 2022-ல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்டம்தோறும் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. மாவட்ட ஆட்சியர்தான் அதன் இயக்குநர். மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். பொறுப்பு யாருக்கு என்பது தெளிவாகவே இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் நேரடியாகக் கேட்கலாம் என்பது பல விவசாயிகளுக்குத் தெரியாது.

மழைக்குப் பிறகு வரும் உதவி

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் பல ஆண்டுகள் வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. 2023 பிப்ரவரியில், அறுவடைக்கு நின்ற சம்பா நெல் பருவம் தவறிய மழையில் சாய்ந்தது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 8,000 ரூபாய்தான். அதே ஆண்டு டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

நெல் கொள்முதலையே எடுத்துக்கொள்ளலாம். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் மாநில அரசு தளர்வு கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். அதற்குப் பிறகுதான் உத்தரவு வரும். அதுவரை கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைத்துக்கொண்டிருக்கும். மழை தவறுவது வழக்கமாகிவிட்ட காலத்தில், விதியும் அதற்கேற்ப மாற வேண்டாமா?

'நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறதே, விவசாயியும் காரணம்தானே?' என்று சிலர் கேட்பார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் மீத்தேன் உருவாவது உண்மை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும், தண்ணீரும் மிச்சமாகும். ஆனால், அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்ற உறுதி இருந்தால்தான் கடைமடை விவசாயி வயலைக் காயவிடத் துணிவார். பழுதில்லாத மதகும், தூர் வாரிய வாய்க்காலும் வடிகாலும் அரசு கொடுக்க வேண்டியவை.

என்ன கேட்கலாம்?

ஓட்டுக் கேட்டு வருபவரிடமும், பதவியில் இருப்பவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• மழைக்கால அறுவடைக்கு ஈரப்பதத் தளர்வை நிரந்தர விதியாக்க முயற்சி எடுப்பீர்களா? எப்போது?

• கொள்முதல் நிலையங்களில் நெல் உலர்த்தும் இயந்திரமும் கூரையும் எந்த ஆண்டுக்குள் வரும்? நிதி ஒதுக்கியாகிவிட்டதா?

• எங்கள் பகுதி வடிகால்களைப் பருவமழைக்கு முன் தூர் வாரும் பொறுப்பு எந்த அதிகாரிக்கு?

• எங்கள் மாவட்டக் காலநிலைத் திட்டத்தில் விவசாயத்துக்கு என்ன இருக்கிறது?

• நிலக்கரி மின்சாரத்தைக் குறைக்க என்ன கால அட்டவணை வைத்திருக்கிறீர்கள்?

எங்கே கேட்பது?

மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானம் போடலாம்.

காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து பாதுகாப்புப் பெறுவது மக்களின் உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமும் 2024-ல் சொல்லியிருக்கிறது. கானமயில் பறவையைக் காக்கப் போடப்பட்ட வழக்கில் வந்த தீர்ப்பு அது. அரசியல் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளிலிருந்து அந்த உரிமை பிறக்கிறது என்றது நீதிமன்றம். மனு எழுதும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தலைவரோ அதிகாரியோ சொல்லும் பதிலைத் தேதியோடு எழுதி வாங்க வேண்டும். அடுத்த கிராம சபை கூடும்போது, போன கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை முதலில் வாசிக்கச் சொல்ல வேண்டும். சொன்ன தேதி தாண்டியிருந்தால், ஏன் என்று அங்கேயே கேட்டு, அந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும்.