அரசு வழக்கறிஞர் யாருடைய ஆள்?

சென்னை தனி நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொன்னவர்கள், ஆட்சி மாறிய பிறகு அதே கூண்டில் ஏறி முன்பு சொன்னதை மறுத்தார்கள். ஒருவர், இருவர் இல்லை, 64 பேர். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் மறுபடியும் அழைக்கப்பட்ட அரசுத் தரப்பு சாட்சிகளே 76 பேர்தான். சாட்சிகள் பல்டி அடிப்பது நம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. இந்த வழக்கில் என்னை இன்றும் உலுக்குவது அரசு வழக்கறிஞரின் மௌனம். சாட்சிகளை மீண்டும் அழைக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு மனு போட்டபோது அவர் ஆட்சேபிக்கவில்லை. சாட்சிகள் மாற்றிப் பேசியபோது அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கக் கோரவில்லை, குறுக்கு விசாரணையும் செய்யவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக் காலத்தில் வருமானத்துக்கு மீறி 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து சேர்த்தார் என்று 1997-ல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 2000 ஆகஸ்ட் முடிவதற்குள் 250 சாட்சிகளின் விசாரணை முடிந்திருந்தது. 2001 மே மாதம் ஆட்சி மாறியது. வழக்கு தொடர்ந்த லஞ்ச ஒழிப்புத் துறை, குற்றம் சாட்டப்பட்டவரின் அரசுக்கே கீழ்ப்பட்டதானது. அரசு வழக்கறிஞரை அமர்த்துவதும் அதே அரசு. வழக்கை நடத்தி வந்த வழக்கறிஞர்கள் விலகினார்கள், புதியவர்கள் வந்தார்கள்.

நீதித்துறையின் நடுநிலை என்றதும் நாம் நீதிபதியின் முகத்தைத்தான் பார்க்கிறோம். அவர் யாருக்கு வேண்டியவர், எந்த ஊர், எந்தச் சாதி, யார் காலத்தில் பதவி உயர்வு வாங்கினார் என்றெல்லாம் டீக்கடை வரை அலசுகிறோம். ஆனால் நம்முடைய முறையில் நீதிபதி துப்பறிபவர் அல்ல. இரு தரப்பும் எதை முன்வைக்கிறதோ அதை எடைபோடுபவர். சாட்சியைத் தானே கேள்வி கேட்க அவருக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. நடைமுறையில் அதைப் பெரிதாகப் பயன்படுத்தும் நீதிபதிகள் குறைவு. கபடியில் இரண்டு பக்கமும் ஒரே அணியின் ஆட்கள் நின்றால் நடுவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்து என்ன பயன்?

தி.மு.க. பொதுச்செயலாளர் க.அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். அவருக்கு அரசியல் நோக்கம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அதற்காக அவர் சுட்டிக்காட்டிய உண்மைகள் பொய்யாகிவிடவில்லை. 2003 நவம்பர் 18 அன்று நீதிபதிகள் வரியாவா, சேமா அமர்வு வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. அந்தத் தீர்ப்பில் பலரும் ஊர் மாற்றத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது இன்னொரு நிபந்தனை: கர்நாடக அரசு, அம்மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்து, மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசு வழக்கறிஞராக அமர்த்த வேண்டும். நோய் எங்கே இருக்கிறது என்பது நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

பெங்களூருவிலும் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் போராட்டம் நடந்தது. 2005-ல் அமர்த்தப்பட்ட பி.வி.ஆச்சார்யா 2012-ல் விலகினார். அடுத்து வந்த பவானி சிங்கை 2013 ஆகஸ்டில் கர்நாடக அரசு நீக்கியபோது, அவரே நீடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள்! தங்களுக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டியவரைத் தக்கவைக்க அவர்கள் வழக்காடினார்கள். நியாயமாகச் சொன்னால், அந்த நீக்கமும் சுத்தமானதல்ல. அது தீய நோக்கம் கொண்டது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சென்னையோ பெங்களூருவோ, ஆட்சியில் இருப்பவர்கள் அந்த நாற்காலியை விட்டுவைப்பதில்லை.

2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். மேல்முறையீடு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அரசுத் தரப்பில் வாதாட பவானி சிங்கை அமர்த்தியது, வழக்கிலிருந்து ஏற்கெனவே விலக்கி வைக்கப்பட்டிருந்த தமிழக அரசு. அந்த நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது வாய்மொழி வாதங்கள் முடிந்துவிட்டிருந்தன. கர்நாடக அரசுக்குக் கிடைத்தது, மறுநாளுக்குள் எழுத்துப்பூர்வ வாதத்தைத் தரும் வாய்ப்பு மட்டும். மே 11 அன்று எல்லோரும் விடுதலை. அந்தத் தீர்ப்பில் 10.67 கோடி என்று வர வேண்டிய கடன்களின் கூட்டுத்தொகை 24.17 கோடி ஆகியிருந்தது. அந்தக் கணக்கின்படி வருமானத்தை மீறிய சொத்து 8.12 சதவீதம்தான். சரியாகக் கூட்டியிருந்தால் 76 சதவீதத்தைத் தொட்டிருக்கும். எதிரே முறையான அரசு வழக்கறிஞர் ஒருவர் நின்று, ஒவ்வொரு கடனையும் கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கணக்கு தீர்ப்பு வரை போயிருக்குமா என்று என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. முதல் குற்றவாளி என்று சொல்லப்பட்டவர் அதற்குள் இறந்திருந்தார்.

இதை ஒரு கட்சியின் கதையாகப் படித்தால் பாதியைத்தான் படித்தவர்களாவோம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சில பழைய ஊழல் வழக்குகளைத் தாமாக முன்வந்து மறுஆய்வுக்கு எடுத்தார். பொன்முடி, தங்கம் தென்னரசு, கே.கே.எஸ்.எஸ்.ஆர்.ராமச்சந்திரன், ஐ.பெரியசாமி ஆகிய தி.மு.க. அமைச்சர்களின் பெயர்களோடு, ஓ.பன்னீர்செல்வம், பா.வளர்மதி ஆகிய அ.தி.மு.க. முன்னாள் அமைச்சர்களின் பெயர்களும் அதில் இருந்தன. அவர்கள் தவறு செய்தார்களா என்பது இங்கே என் கேள்வி அல்ல. எதிர்க்கட்சியாக இருக்கும்போது வழக்கு பாய்கிறது, ஆட்சிக்குத் திரும்பியதும் அதே லஞ்ச ஒழிப்புத் துறை மேல்விசாரணை என்று சொல்லி வழக்கைக் கைகழுவுகிறது. இந்த வாய்ப்பாட்டைத்தான் அவர் சுட்டிக்காட்டினார்.

தலைவர்களின் மனசாட்சியை நம்பி இதைச் சரிசெய்ய முடியாது. மாவட்டங்களுக்கான அரசு வழக்கறிஞர் பட்டியலை அமர்வு நீதிபதியைக் கலந்து தயாரிக்கச் சொன்ன பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-வது பிரிவு, சிறப்பு அரசு வழக்கறிஞரைப் பற்றிப் பேசும்போது அப்படி எந்தக் கலந்தாய்வையும் கேட்கவில்லை. பத்தாண்டு அனுபவம் இருந்தால் போதும், அரசு விரும்பியவரை அமர்த்திக்கொள்ளலாம். அரசியல் சூடு அதிகமான வழக்குகளுக்குத்தான் பெரும்பாலும் இந்தச் சிறப்பு நியமனங்கள் நடக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அமைச்சராக இருப்பவரோ இருந்தவரோ குற்றம் சாட்டப்பட்ட வழக்குகளிலாவது, சிறப்பு அரசு வழக்கறிஞரை அமர்த்தவும் நீக்கவும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் ஒப்புதல் கட்டாயம் என்று சட்டத்தில் எழுத வேண்டும். வழக்கைக் கைவிட லஞ்ச ஒழிப்புத் துறை முடிவெடுத்தால், அதை எதிர்த்து வாதிட நீதிமன்றமே ஒருவரை அமர்த்த வேண்டும்.

தலைமை நீதிபதியைக் கலந்தே அரசு வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்பது, 2003-ல் ஒரே ஒரு வழக்குக்காக உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனை. மற்ற வழக்குகளில் அது ஏன் இன்னும் பொருந்தவில்லை என்பதற்கு இரண்டு கழகங்களும், நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டங்களை எழுதுகிறவர்களும் பதில் சொல்லட்டும்.